வேரறுந்த புல்

மைனாக்கள் அந்த ஒரே இடத்தைத்தான் கொத்தின. வாசல் முழுக்கப் புல்தரை பச்சையாக இருக்க, செம்பருத்தி ஓரத்தில் மட்டும் ஒரு கை நீளத்துக்குக் காய்ந்து வைக்கோலாகிக் கிடந்ததை இசைவாணி மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் அடியில்தான் அவள் மகள் கிடக்கிறாள். பிறந்து ஆறே நாள் இருந்த பிள்ளை. பச்சைப்பிள்ளையை எரிக்கக் கூடாது, வீட்டோடவே இருக்கட்டும் என்று ஐந்து மாதத்துக்கு முன் அங்கே புதைத்தார்கள்.

கத்தாரில் இருந்த அவள் கணவன் வெற்றிசெல்வன் மகளை ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. "நான் வாரப்ப அவ மேல பச்சைப்பசேல்னு இருக்கணும் வாணி" என்று போனில் அழுதான். வெள்ளிக்கிழமை வருகிறான்.

புல் பதித்துக் கொடுத்த கருப்பன் வந்து, காய்ந்த ஓரத்தைப் பிடித்து இழுத்தார். பாய் மாதிரி சுருண்டு வந்தது. வேரே இல்லை. மண்ணில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள், காலை மடக்கித் தூங்குவதுபோல் வளைந்து கிடந்தன.

"வேர்ப்புழும்மா. பச்சைச் சாணி போட்டீங்களா?"

"சீக்கிரம் வளரட்டும்னு நாந்தான் அள்ளிப் போட்டேன்."

"அடக் கொடுமையே! நல்லா மக்குன எருவத்தான் போடணும். பச்சைச் சாணிக்கு வண்டு வந்து முட்டை வச்சிரும். காலையில வாரேன், கொத்திக் கிளறி மருந்து ஊத்திடலாம்."

"அங்கிட்டு மட்டும் கொத்தாதீங்க!"

"அங்கிட்டுத்தானம்மா எல்லாம் இருக்கு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

தன் பிள்ளைக்குத் தானே புழு வைத்துவிட்டோமே. மண்வெட்டி படுவதற்குள் கையாலேயே பொறுக்கிவிட வேண்டும். பொழுது சாய, புழுக்களைப் போட்டுக் கொல்லச் சோப்புத் தண்ணீர் வாளியோடு போய் உட்கார்ந்தாள். சாணியும் ஈரமண்ணும் கலந்த வாடைக்கு நடுவே, மெல்ல, விடாமல், எதையோ சப்புகிற ஓசை மண்ணுக்குள்ளிருந்து கேட்டது.

புல்லைச் சுருட்டினாள்.

புழுக்கள் சிதறிக் கிடக்கவில்லை. ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒரு தலை. முதுகு. மடக்கிய இரண்டு கால்கள்.

தொட்டாள். வெதுவெதுப்பு.

அது மூச்சு விட்டது.

ஓசை நின்றது. தலை மெல்ல அவள் பக்கம் திரும்பி, வாய் இருக்க வேண்டிய இடத்தில் புழுக்கள் விலகின.

மார்பில் ஈரம். என்றோ வற்றிய பால்.

இசைவாணி வாளியை அந்தப் பக்கம் கவிழ்த்தாள். குளிருமே என்று புல்லைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டு, பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, மாராப்பை விலக்கினாள்.