முப்பத்தொன்பது மூச்சு

செவ்வாயின் தென்குழிக் குடியிருப்பில் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடுவதில்லை. பிள்ளைகள் உட்கார்ந்ததும் சுவரிலுள்ள மூச்செண்ணி அறையின் காற்றை அளந்து, எத்தனை பேர் சுவாசிக்கிறார்கள் என்று சொல்லிவிடும். அன்று காலை உயர்நிலைப் பள்ளியில் அது முப்பத்தொன்பது என்றது. நாற்பதுக்குக் குறைந்தால் மாதக் கடைசியில் பள்ளியின் காற்றுக் குழாயை அடைத்துவிடுவது குடியிருப்பு மன்றத்தின் விதி.

தலைமை ஆசிரியை கயற்கண்ணி இன்னும் ஒரே ஒரு பிள்ளையைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்கினார். குழாய் பொருத்தும் ஜெபமணி, தன் மகளுக்கு, வசதியானவர்கள் வாழும் மேல்கூடத்தில் பூமிப் பாடத்திட்டத்தை நடத்தும் பூமிவழிப் பள்ளியின் படிவம் வாங்கி வைத்திருந்தாள். கயற்கண்ணி அவளிடம் பள்ளியின் அறுபதாண்டுக் கதையையே சொன்னார். பாறை துளைக்கும் கொட்டகையில் பதினொரு பிள்ளைகளோடு தொடங்கியது. பத்தாம் வகுப்பு கேட்டு ஊரே மன்ற வாசலில் உட்கார்ந்தது. புதுக் கட்டடத்துக்குக் காற்று போதாது என்றதும், சுரங்கத் தொழிலாளர்கள் ஓராண்டு முழுக்கத் தங்கள் பங்கிலிருந்து தினம் ஒரு மணி நேரக் காற்றை விட்டுக்கொடுத்தது.

"தெரியும் டீச்சர், எங்கப்பாவும் குடுத்தாரு," என்றாள் ஜெபமணி. "உங்க பொண்ணு எங்க படிக்குது?"

கயற்கண்ணியின் மகள் படித்துவந்ததும் மேல்கூடத்தில்தான். மற்ற நான்கு ஆசிரியர்களின் பிள்ளைகளும் அங்கேதான்.

"அவளுக்குக் கொஞ்சம் மூச்சுத் தொந்தரவு. மேல காத்து நல்லாருக்கும்னு..."

"எங்க பிள்ளைங்களும் மூச்சுதான டீச்சர் விடுது?"

ஜெபமணி கோபப்படவில்லை, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். கயற்கண்ணி ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்தார்.

பள்ளிக்குத் திரும்பியபோது இயந்திர ஆசிரியர் கணக்கு நடத்திக்கொண்டிருந்தது. சிந்திக்கும் இயந்திரம் ஒவ்வொன்றும் ஓர் இளம் இயந்திரத்தை மனிதப் பிள்ளைகளோடு படிக்கவைத்து வளர்க்க வேண்டும். எந்தப் பள்ளி என்பது அதன் விருப்பம். இந்த ஆசிரியரின் இளவல் கடைசி பெஞ்சில் இருந்தது. சுவாசிக்காததால் அது எண்ணிக்கையில் சேராது.

"உங்களுக்கு மேல்கூடத்துலயே இடம் கிடைச்சிருக்குமே, ஏன் இங்க சேர்த்தீங்க?" என்று கயற்கண்ணி இயந்திர ஆசிரியரிடம் கேட்டார்.

"இங்க பாடம் நடத்துறது நான்தானேம்மா. வேற எங்க சேர்ப்பேன்?"

அதற்குக் குத்திக்காட்டத் தெரியாது. கயற்கண்ணிக்கு முகம் சுட்டது. அங்கேயே சேர்க்கைப் படிவத்தை எடுத்து மகளின் பெயரை எழுதினார். அடுத்த வருடம் பொதுத்தேர்வு, இந்த நேரத்தில் பள்ளி மாற்றலாமா என்று தோன்றியது. படிவத்தைக் கிழித்தார்.

மாதக் கடைசியில் குழாயை அடைத்தார்கள். முப்பத்தொன்பது பிள்ளைகளும் மூன்று மணி நேரம் சுரங்க வண்டியில் வடகுழிப் பள்ளிக்குப் போகத் தொடங்கினார்கள். இயந்திர ஆசிரியரும் இளவலும் அவர்களோடு போயின. மனித ஆசிரியர்களுக்கு மேல்கூடப் பள்ளியிலேயே வேலை கிடைத்தது.

முதல் நாள் ஆசிரியர் அறையில், "என் பொண்ணும் இங்கதான் ஒன்பதாவது படிக்கிறா," என்றார் கயற்கண்ணி.

அங்கே பல வருடங்களாக இருக்கும் அறிவியல் ஆசிரியை பரிமளம் பரிவோடு அவர் பக்கம் குனிந்தாள்.

"இங்கயா மேடம்? நாங்கல்லாம் பிள்ளைங்கள நிலாவுல சேர்த்துட்டோம். நாமளே பாடம் நடத்துற ஸ்கூல்ல எப்படி..."

கயற்கண்ணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இந்த வருஷமே மாத்திடலாம்னுதான் இருக்கேன்," என்றார்.