ஜென்சியின் தாகம்

"இன்னைக்குமா?"

அண்ணியின் குரலைக் கேட்டதும் டெபோரா அப்படியே நின்றுவிட்டாள். மகள் ஜென்சி நனைத்த படுக்கை விரிப்பை யார் கண்ணிலும் படாமல் துவைக்கப் போட்டுவிடலாம் என்றுதான் சீக்கிரமே எழுந்திருந்தாள். ஆனால் தபீதாள் அதற்கும் முன்பே எழுந்து, குளித்து, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தாள்.

"நாலரை வயசாகுது! ரெண்டரை வயசுலயே இந்தப் பழக்கத்தை விட்ட பிள்ளை, இப்போ திரும்பவும் தினம் தினம்... எல்லாம் நீ கொடுக்கிற செல்லம், டெபோரா!"

அந்த வீட்டில் தபீதாளிடம் யாரும் பதில் பேசுவதில்லை. டெபோராவின் கணவன் எலியேசருக்கு அவள் வெறும் அக்கா அல்ல. சிறு வயதிலேயே பெற்றோரைப் பறிகொடுத்த தம்பிக்காகக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லி, தாம்பரத்தில் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து அவனை ஆளாக்கியவள். திருமுடிவாக்கத்தில் அவன் சொந்தமாக ஒரு பட்டறை வைத்ததும் அவளால்தான். ஜென்சி பிறந்தபோது, "பிள்ளைக்கு அம்மா பக்கத்துல இருக்கணும்" என்று அண்ணி ஒரு வார்த்தை சொன்னதற்காகத்தான் டெபோரா தன் ஆசிரியை வேலையை விட்டாள். அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

இன்று தபீதாள் ஓய்வு பெறும் நாள். பள்ளியில் பாராட்டு விழா. மேடையில் அத்தைக்குப் பூங்கொத்து கொடுக்கப்போவது ஜென்சி.

"வா கண்ணு, கவுன் போட்டுக்கலாம்" என்று மகளை எழுப்பினாள் டெபோரா. குழந்தை எழுந்து உட்காரவே சிரமப்பட்டாள். கிறிஸ்துமஸுக்கு அளவெடுத்துத் தைத்த கவுன் தோளில் நிற்காமல் நழுவியது. முதுகில் எலும்புகள் தெரிந்தன. வயிறு நிறையச் சாப்பிடுகிற பிள்ளை... இது எப்படி?

"அம்மா... தண்ணி..."

சில வாரங்களாகவே இந்த வார்த்தைதான். எழுந்தால் தண்ணீர், விளையாட்டின் நடுவில் தண்ணீர், தூக்கத்திலிருந்து விழித்தாலும் தண்ணீர். "இவ்வளவு குடிச்சா படுக்கையில போகாம என்ன செய்வா?" என்று சொல்லி, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கிடையாது என்று தபீதாள் பாட்டிலை ஃப்ரிட்ஜின் மேலே எடுத்து வைத்திருந்தாள். நேற்றுச் சாயங்காலம் குழந்தையைக் காணோமே என்று தேடிப் போன டெபோரா, குளியலறையில் அவளைக் கண்டாள். வாளியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, குளிக்க வைத்திருந்த தண்ணீரைப் பிஞ்சுக் கைகளால் அள்ளி அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள் ஜென்சி.

அந்தக் காட்சி டெபோராவின் நெஞ்சைவிட்டு அகலவே இல்லை.

இப்போது தம்ளர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, குழந்தை அவள் தோளில் சாய்ந்தாள். கன்னத்தில் பட்ட மூச்சில் ஏதோ ஒரு வாசம். அழுகத் தொடங்கிய பழத்தின் வாசம்! மூச்சும் ஓடிவந்தவள்போல் வேகமாக வாங்கியது. அடுத்த நொடியே குடித்த தண்ணீரை எல்லாம் வாந்தி எடுத்தாள்.

"என்னங்க... பாப்பாவை உடனே டாக்டர்கிட்ட காட்டணும்!"

எலியேசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "பித்தமா இருக்கும், டெபோ. பூச்சி மருந்து கொடுக்கலாம். ஃபங்ஷன் முடியட்டும், நாளைக்குப் போலாம்."

"நாளைக்கு இல்லைங்க. இப்போ."

"அக்காவோட வாழ்க்கையில இந்த ஒரு நாள்தான்..."

"எனக்கும் ஒரு பிள்ளைதான்!"

டெபோரா அந்த வீட்டில் குரல் உயர்த்திப் பேசியது அதுவே முதல் தடவை.

தபீதாளின் முகம் சிவந்தது. "பேசு, நல்லாப் பேசு! இத்தனை வருஷம் இந்தக் குடும்பத்துக்காக உழைச்சு உழைச்சு தேய்ஞ்சவளுக்கு ஒரே ஒரு நாள் மரியாதை கிடைக்கப் போகுது... அதுகூட உனக்குப் பொறுக்கலை இல்ல?"

"அண்ணி, சத்தியமா அப்படி இல்ல..."

"போதும்! நீ போ. ஆனா இனிமே என்கிட்ட ஒரு வார்த்தை பேசாதே!"

டெபோராவின் கண்கள் நிறைந்து வழிந்தன. கணவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, கொய்ந்தைக்கு மூச்சு இப்டி வாங்குது? கெட்டியா புடிச்சுக்கோ!" என்று சேலையூரை நோக்கி விரட்டினார்.

குழந்தைகள் மருத்துவர் வேதா, ஜென்சியைப் பார்த்ததுமே வரிசையில் இருந்தவர்களை நிறுத்திவிட்டு உள்ளே அழைத்துக்கொண்டார். குனிந்து குழந்தையின் மூச்சை முகர்ந்தார்.

"தண்ணி நிறைய குடிக்கிறாளா?"

"ஆமா டாக்டர்."

"அடிக்கடி யூரின் போறாளா? படுக்கையில?"

"ஆமா... புதுசா..."

"நல்லாச் சாப்பிட்டும் இளைச்சுட்டே போறா. சரியா?"

டெபோராவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீட்டுக்குள் இருந்து பார்த்தவர்போல் எப்படிச் சொல்கிறார்!

மருத்துவர் ஜென்சியின் விரல் நுனியில் சுருக்கென்று குத்தி, ஒரு துளி ரத்தத்தைச் சிறு கருவியில் வைத்தார். அதில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவுக்கு அதிகம் என்று மட்டும் காட்டியது.

"சுகர்ம்மா. டைப் ஒன் டயாபடீஸ்."

"சுகரா...? குழந்தைக்கா? நான்... நான் சாக்லேட் கொடுத்ததாலயா டாக்டர்? எங்க அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, அதனாலயா?"

"இல்லவே இல்ல. இது பெரியவங்களுக்கு வர்ற மாதிரி இல்ல. அவ உடம்புல இன்சுலின் சுரக்கிறது நின்னுடுச்சு. அது இல்லாம சாப்பாடு சக்தியா மாறாது. சர்க்கரை ரத்தத்துலயே தங்கிடும். அதை வெளியே தள்ளத்தான் உடம்பு யூரினாப் போக வைக்குது. போன தண்ணியை ஈடுகட்டத்தான் தாகம். அவ அடம்பிடிக்கலைம்மா... அவ உடம்பு தன்னைத்தானே காப்பாத்திக்கப் போராடிட்டு இருந்திருக்கு."

டெபோரா மடியில் கிடந்த மகளைப் பார்த்தாள். இத்தனை சின்ன உடம்பா? யாருக்கும் தெரியாமல், யாரும் சொல்லித்தராமல், இத்தனை நாள் தனியாகவா ஒரு யுத்தம் நடத்தியது? வாளித் தண்ணீரை அள்ளிய அந்தக் கைகளை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"ரத்தத்துல அமிலம் ஏற ஆரம்பிச்சிருக்கு. அதான் வாந்தி, இந்த மூச்சு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். நாளைக்குப் பார்க்கலாம்னு விட்டிருந்தா..."

ஆம்புலன்ஸில் போகும்போதே டெபோரா கணவனுக்குப் போனில் சொன்னாள். மறுமுனையில் கைதட்டல் ஒலி கேட்டது. "எந்த ஆஸ்பத்திரி?" என்று கத்தினான் எலியேசர்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அவள் தனியாக நின்றிருந்தபோது இருவரும் ஓடிவந்தார்கள். தபீதாளின் தோளில் மேடையில் போர்த்திய பொன்னாடை அப்படியே இருந்தது.

"அக்கா பேச எழுந்திருந்தாங்க..." எலியேசர் மூச்சிரைத்தான். "நான் மேடைக்குப் போய்க் காதுல சொன்னேன். மைக்கை அப்படியே விட்டுட்டு இறங்கிட்டாங்க..."

வெளியே வந்த அந்தப் பிரிவின் மருத்துவர், "சரியான நேரத்துல வந்திருக்கீங்க. டிரிப் போட்டிருக்கோம், இன்சுலின் போகுது. அம்மாதானே கண்டுபிடிச்சது? அவங்க இன்னும் கொஞ்சம் தயங்கியிருந்தா, நாங்க என்ன செஞ்சிருக்க முடியும்னு தெரியலை" என்றார்.

தபீதாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ பிள்ளைகளை அதட்டிய அந்தக் குரல் உடைந்தது.

"தாகம்னு கேட்ட பிள்ளைக்கு... தண்ணி இல்லைன்னு சொன்னேனே, டெபோரா! அவ உயிருக்குக் கேட்டிருக்கா... நான் அடம்னு நினைச்சேனே! ஆண்டவரே!"

டெபோராவுக்குள் கோபம் பொங்கியது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எதிரே நின்று நடுங்கியவளைப் பார்த்ததும் அது தங்கவில்லை.

"எனக்கும்தான் தெரியலை, அண்ணி. ஏதோ சரியில்லைன்னு தோணியும் உங்களுக்குப் பயந்து வாயை மூடிட்டு இருந்தேன். இனிமே மூட மாட்டேன்."

"மூடாதே, தாயி. நான் அதட்டினாலும் மூடாதே."

எலியேசர் மனைவியின் கையைப் பற்றிக்கொண்டு குலுங்கி அழுதான்.

மறுநாள் காலை மூவரையும் உள்ளே விட்டார்கள். முதலில் டெபோரா கவனித்தது மூச்சைத்தான். தொட்டிலில் தூங்குகிற குழந்தையைப்போல் அது சீராக ஏறி இறங்கியது. அந்தப் பழ வாசம் இல்லை. உலர்ந்து வெளிறியிருந்த உதடுகளில் ரத்தம் திரும்பியிருந்தது. ஜென்சி கண்ணைத் திறந்தாள்.

"அம்மா... இட்லி வேணும்."

தண்ணீர் என்று கேட்கவில்லை!

டெபோரா பக்கத்து மேசையில் இருந்த சின்னஞ்சிறு மருந்துப் புட்டியைப் பார்த்தாள். கண்ணீர்போல் தெளிந்திருந்தது. நிறமில்லை, ஒளியில்லை. அதற்குள்ளிருந்தா என் பிள்ளை திரும்பி வந்தாள்? எங்கோ யாரோ என்றைக்கோ கண்டுபிடித்தது, இன்று என் மகளின் நரம்பில் ஓடுகிறது! அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் தபீதாள், "ஸ்தோத்திரம்... ஸ்தோத்திரம்..." என்பதைத் தவிர வேறு வார்த்தையின்றி நின்றாள்.

வீட்டுக்குப் புறப்படும் முன் நர்ஸ் ஊசி போடக் கற்றுக்கொடுத்தார். தினமும் போட வேண்டும், வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும் என்று கேட்டதும் எலியேசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். டெபோராவின் கை நடுங்கியது.

"இரு" என்றாள் தபீதாள். சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுப் புஜத்தை நீட்டினாள். "முதல்ல எனக்குக் குத்து."

"மருந்தெல்லாம் உங்களுக்குப் போடக்கூடாதும்மா" என்று பதறினார் நர்ஸ்.

"மருந்து வேணாம், சிஸ்டர். புது ஊசி ஒண்ணு கொடுங்க, வெறும் ஊசி. பிள்ளைக்கு எவ்வளவு வலிக்கும்னு எனக்குத் தெரியணும். நான்தான் ரிடையர் ஆயிட்டேனே, இனி பகல்ல ஸ்கூலுக்குப் போய் அவளுக்குப் போட வேண்டியது நான்தானே? டெபோரா வேலைக்குப் போவா. இத்தனை வருஷம் அவ எங்களுக்காக வீட்டுல இருந்தது போதும்."

டெபோரா நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி கட்டளை இடவில்லை. அனுமதி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மெல்லிய அந்த ஊசி புஜத்தில் இறங்கியது. தபீதாள் உதட்டைக் கடித்தாள். கண்களிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

"வலிக்குதா அண்ணி?"

"இல்ல... இல்லம்மா. இவ்வளவுதானா! இவ்வளவு மெல்லிசா ஒண்ணா அவளைக் காப்பாத்தப் போகுது?"

அவள் டெபோராவின் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள். டெபோரா அவளை இறுக அணைத்துக்கொண்டாள். யார் யாருக்கு ஆறுதல் சொல்கிறார்கள் என்று தெரியாமல் இருவரும் அழுதார்கள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த ஜென்சி, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கவுனின் கையை மேலே சுருட்டிக்கொண்டு, ஒல்லிக் கையை நீட்டினாள்.

"அத்தை, அழாதீங்க. இப்போ என் டர்ன்!"

டெபோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசியை எடுத்தாள். கை நடுங்கவில்லை.