தூர்த்த கிணற்றின் மறுமொழி

சம்மட்டி இரும்புத் தகட்டில் ஒருதரம்தான் இறங்கியது. கணினித் திரையிலோ நான்கு அதிர்வுகள் விழுந்திருந்தன.

"அண்ணை, ஒருக்கா அடிச்சாக் காணும்," என்றாள் சுவர்ணா. உடுவில் ஊர்த் தோட்டக் காணிகளுக்கு அடியில் கிடக்கிற சுண்ணாம்புக்கல், பூமியதிர்ச்சி வந்தால் எப்படிக் குலுங்கும் என்று பார்க்க யப்பான்காரரோடு வந்த ஆராய்ச்சிக்காரி.

"ஒருக்காத்தான் அடிச்சனான், பிள்ளை."

"அப்ப சம்மட்டிக்கு விக்கலாக்கும்."

குடைக்குக் கீழே நின்ற யப்பான் பேராசிரியர் விளங்காமலே சிரித்தார். கூலிக்குச் சம்மட்டி பிடிக்க வந்த தம்பிராசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெங்காயத்தாளின் காரமும் வெயிலில் வெந்த செம்மண்ணின் மணமும் மூக்கில் ஏற, தகட்டடியிலிருந்து வரம்போரம் வரிசையாகக் குத்தியிருந்த அதிர்வுமானிகளைக் கடைசிவரை கண்ணால் எண்ணினார். பன்னிரண்டாவது நின்ற இடத்தில்தான் அந்தக் கிணறு இருந்தது.

பதினொரு வருசத்துக்கு முன் அவரும் தம்பி கோகுலனும் அதை ஆழப்படுத்தினார்கள். கிணறு வெட்டுகிறவர்களுக்குக் கல் பிளக்கிற அலவாங்குதான் வாய். மேலே நிற்பவன் கல்லில் ஒருதரம் தட்டினால், 'இருக்கிறியோ?' கீழேயிருந்து இரண்டு வந்தால் சுகம். மூன்று வந்தால், 'தூக்கு.' அன்றைக்கு அடிப்பாறை பிளந்து கோகுலன் உள்ளே போய்விட்டான். அவன் தண்ணீரில் அமிழ்ந்துபோகக் கூடாதென்று தம்பிராசா இறைக்கிற மிசினை ஓடவிட்டார். தட்டினார். அந்த இரைச்சலுக்குள்ளேயே காதை வைத்துக் கேட்டார். பிறகு, "சத்தமில்லை, மூடுங்கோ," என்று சொன்னதும் அவர்தான். தம்பி பெண்சாதி நல்லம்மாவிடம், "உடனை செத்திட்டான், நோவு தெரிஞ்சிராது," என்றார். மிசினை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கலாம் என்பது எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகுதான் உறைத்தது.

"இன்னொருக்கா அடியுங்கோ அண்ணை."

அடித்தார். ஒன்று. பிறகு அவருடைய உள்ளங்காலில், மூன்று.

"முதல் அடிக்குப் பன்னிரண்டாவது மானியடியிலை தொடங்கினது. இப்ப ஏழாவதடியிலை." சுவர்ணாவின் குரலில் விக்கல் பகிடி இல்லை. "இனி அடிக்காதேங்கோ."

சம்மட்டியை மண்ணில் போட்டார். நான்காவது மானி ஆடியது. மூன்றுதரம். பிறகு இரண்டாவது. காற்றில்லை. வெங்காயத்தாள்கள் நடுங்கின. நட்டநடு மத்தியானத்தில் ஈரச் சுண்ணாம்பின் மணம்.

இரும்புத் தகடு துள்ளியது. மூன்று.

"என்ரை ராசா..."

முழங்காலில் விழுந்தார். கையை நீட்டினார். தூக்கினால் போதும். எத்தனை வருசம் இதை வேண்டி அழுதார்.

தகட்டின் ஓரம் தானாகவே ஒரு விரலளவு உயர்ந்தது.

தம்பிராசா அதன்மேல் குப்புற விழுந்தார். நெஞ்சும் வயிறும் முழங்காலும் கொடுத்து அமத்தினார். அழுதழுது அமத்தினார்.

"மண் கொண்டு வா, பிள்ளை! மண்!"

ஒருவரும் அசையவில்லை. அவருடைய நெஞ்சுக்கு நேர் கீழே, மெதுவாக, இந்தமுறை ஒரேயொரு தட்டு.

பிறகு அது மறுமொழிக்குக் காத்திருந்தது.