லிண்ட்கிரனின் ஏழாவது வருகை

குடுவை வெதுவெதுப்பாக இருந்தது. டுலுத் நகரத்து ஜனவரியில் கார் வரை நடப்பதற்குள் கையிலுள்ள காபி ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும்; இந்தச் சிறுநீர்க் குடுவைக்கு மட்டும் குளிர் தெரியவில்லை.

"இத யாரு வச்சா பெவ்?"

"எனக்கென்ன தெரியும்? திரும்பிப் பாத்தேன், மேசையில இருந்துச்சு," என்றபடி நர்ஸ் பெவ் கோட்டை மாட்டினாள். "நம்ம நோயாளிங்க ஒரு நாள் முழுக்கச் சேத்த மூத்திரத்தச் சிந்தாம குடுத்துருவாங்க காரின். கையெழுத்துப் போடத்தான் மறந்துருவாங்க. வரட்டுமா, பனி கொட்டுது."

கதவு சாத்தியதும் டாக்டர் காரின், குடுவைமேல் ஒட்டியிருந்த பெயரைப் படித்தாள். ஆர்வில் லிண்ட்கிரன். சனிக்கிழமைதான் அவருடைய சவப்பெட்டி முன் நின்றுவிட்டு வந்திருந்தாள்.

அவர் மனைவி வீட்டிலிருந்த பழைய மாதிரியை எடுத்து வந்திருப்பாள் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, சோதனைத்தாளை நனைத்தாள். துளிகூடப் புரதம் இல்லை.

அவளுக்கு எரிச்சல் பொங்கியது. ரத்த அழுத்தத்துக்கான பழைய மாத்திரை சிறுநீரக அழற்சியையும் தணிக்கும் என்று ஆறு வருடமாகத் தொண்டை வறளக் கூவியாயிற்று. நாற்பது நோயாளிகளில் ஒருவருக்கும் புரதம் வடிவது நிற்கவில்லை. நாளைக் காலை மருத்துவமனைக் குழு கூடி அவளுடைய ஆய்வை மூடிவிடும். கடைசியில் குணமானது யாருக்கு? செத்தவனுக்கு! இப்படியும் ஒரு கொடுமை உண்டா?

இந்த ஒரு முடிவு பதிவானால் ஆய்வு பிழைக்கும். ஆனால் நோயாளி நேரில் வந்து, டாக்டரே ரத்த அழுத்தம் பார்த்தால்தான் சிறுநீர் மாதிரி செல்லுபடியாகும். அது விதி. தேதியை இறப்புக்கு முந்தைய நாளாகப் போடலாமா என்று யோசித்தாள். பழைய தேதியைக் கணினி ஏற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இன்றைய தேதியிலேயே ஏழாவது வருகை என்று பதிந்து, 'நேரில் வந்தார்' என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

ரத்த அழுத்தக் கட்டம் மிச்சமிருந்தது. என்ன எண்ணை எழுதுவது?

வெளியே லிப்ட் நின்றது.

காலடிகள். ஈரமில்லாத, அவசரமில்லாத காலடிகள். பனியில் நடந்து வந்தவை அல்ல. பூங்கொத்து வாடிய வாசனை. அதற்கடியில் பிணவறை மருந்தின் நெடி.

"பெவ்?"



பரிசோதனை அறையில் நாற்காலி கிறீச்சிட்டது. அவள் எட்டிப் பார்த்தாள்.

முதுகு தெரிந்தது. கறுப்புக் கோட்டு, கழுத்திலிருந்து இடுப்புவரை பின்புறம் கத்தரிக்கப்பட்டிருந்தது, சவப்பெட்டியில் கிடப்பவனுக்கு மாட்டிவிடுவதைப் போல. தலை மெல்லத் திரும்பியது. உதடுகளின் நடுவே மெல்லிய தையல்.

லிண்ட்கிரன் இடது சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டினார். மெழுகு நிறக் கையை மேசைமேல் ரத்த அழுத்தக் கருவியின் பக்கம் நீட்டினார்.

காத்திருந்தார்.