டி டிரைவில் இடமில்லை

ரோஷினிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. டி டிரைவைத் திறந்தால் உள்ளே ஒரு கோப்புகூட இல்லை. ஆனால் இருபது ஜிபியும் நிரம்பிவிட்டதாகச் சிவப்புக் கோடு காட்டியது. ஒன்றுமே இல்லாத இடம் எப்படி நிரம்பும்?

சிங்கப்பூரின் தேக்காவில் பழைய மடிக்கணினி விற்கும் முகைதீனிடம் போன மாதம் வாங்கியது. காத்தோங்கில் தமிழ்த் துணைப்பாடம் எடுத்த ஓர் அம்மா விற்றதாம். டி டிரைவில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஏனென்று முகைதீன் கேட்கவில்லை, ரோஷினியும் கேட்கவில்லை. அவளும் துணைப்பாட ஆசிரியைதான். பிள்ளைகள் வாசிப்பதைப் பதிந்து பதிந்து சி டிரைவ் நிறைந்துவிட்டது. நாளை மகள் வர்ஷாவுக்கு வாய்மொழித் தேர்வு. கடைசியாக ஒருமுறை அவள் வாசிப்பைப் பதிந்து திருத்த வேண்டும், அதற்கு இடம் வேண்டும்.

ஈசூன் வீட்டின் ஒன்பதாம் மாடி சன்னலை ஞாயிற்றுக்கிழமை மழை அறைந்துகொண்டிருக்க, பக்கத்து வீட்டில் பெலாச்சான் இறால் விழுது வறுபடும் நெடியும் காயாத துணிகளின் வாடையும் அறைக்குள் அடைந்து கிடக்க, கூடத்தில் வர்ஷா அதே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் சத்தத்தைக் கேட்டபடியே ரோஷினி டி டிரைவை நீக்கினாள். அந்த இடத்தைச் சி டிரைவோடு சேர்க்கச் சொன்னாள். பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. பாதியில் நிறுத்தினால் டிஸ்க்கில் உள்ள எல்லாமே அழிந்துவிடும் என்று கீழே எழுதியிருந்தது. யார் நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"மெதுவா படி லா," என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"மழை விட்டதும் சிறுவர்கள் திடலுக்கு..."

குரல் நின்றுவிட்டது.

"ஓடினார்கள்," என்றது மடிக்கணினி.

வர்ஷாவின் குரல். பதிவு எதுவும் ஓடவில்லை. ரோஷினி இரண்டு முறை பார்த்தாள். ஓடவில்லை.

"அம்மா? இங்க ஏன் லைட் போடல?"

அதுவும் மடிக்கணினிக்குள்ளிருந்துதான் வந்தது. திரும்பினாள். அறை வாசலில் வர்ஷா நின்றிருந்தாள், கையில் வாசிப்புத் தாளோடு. வாய் திறந்தது. வந்த குரல் வேறு ஏதோ பிள்ளையுடையது. நெடுநாள் பேசாமல் கிடந்து கரகரத்த குரல்.

"நீங்க என் இடத்த எடுத்துட்டீங்க டீச்சர். அதான் இங்க வந்துட்டேன்."

வர்ஷா அவளை ஒருநாளும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை.

அறுபத்தொன்று விழுக்காடு.

"அம்மா, இந்த இடம் சின்னதாயிட்டே வருதும்மா. காலை நீட்ட முடியல."

எழுபத்தெட்டு. நிறுத்தினால் எல்லாம் அழியும். நிறுத்தாவிட்டால்? ரோஷினிக்குக் கண்ணீரில் திரை கலங்கியது. நிறுத்து என்ற பொத்தானுக்கு அம்புக்குறியைக் கொண்டுபோனாள். அழுத்தவில்லை. அழுத்த முடியவில்லை.

தொண்ணூற்று நான்கு. ஒலிபெருக்கியில் அழுகை. பிறகு மூச்சு மட்டும்.

அந்தப் பிள்ளை பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. தாளை மடியில் வைத்து நீவியது. தொண்டையைச் செருமிக்கொண்டது. வர்ஷாவின் வெதுவெதுப்பான கை ரோஷினியின் கைமேல் படிந்து, அம்புக்குறியைப் பொத்தானிலிருந்து மெல்ல நகர்த்தியது.

தொண்ணூற்றொன்பது.

"பதிவு பண்ணுங்க டீச்சர். இப்ப இடம் இருக்குல்ல."