லோத்தார் மாட்டிய ரெகுலேட்டர்

சீறல் சத்தம் சமையலறை வரை கேட்டது. கிழங்கு வேகும் பானையின் கொதிப்பையும் மீறி, தரைப்பலகைகளுக்கு அடியிலிருந்து, யாரோ பல்லிடுக்கில் காற்றை விட்டுக்கொண்டே இருப்பதுபோல ஒரு மெல்லிய, விடாத சத்தம். இர்மெலா கத்தியைக் கீழே வைத்தாள். நிலவறையில் பீப்பாயிலிருந்து பீரைத் தள்ளும் கரியமில வாயு சிலிண்டரை மூடிவிட்டதாக அவள் கணவன் லோத்தார் சொல்லி அரை மணி நேரம் ஆகிறது. மூடிய சிலிண்டர் சீறாது.

நிலவறைக் கதவருகே போய்க் குரல் கொடுத்தாள். "லோத்தார், வால்வ மூடுனியா இல்லியா?"

"மூடியாச்சு. அஞ்சு நிமிஷம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெர்மனியில் பாம்பெர்க் நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய்க் கொதிகலன்களைப் பழுது பார்ப்பவள் அவள். வாயு எங்கே எப்படிக் கசியும் என்பது அவளுடைய விரல்களுக்கே தெரியும். மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: பீர்க் குழாய் மூடியிருக்கும்போதே ரெகுலேட்டரின் முள் தானாக ஏறுகிறது, உள்ளே தேய்ந்துவிட்டது, மாற்றியாக வேண்டும். லோத்தார் கேட்கவில்லை. சிலிண்டரோடு சேரும் இடத்தில் வெள்ளை டேப்பைச் சுற்றி முறுக்கி வைத்தான். டேப் அங்கே நிற்காது, புது வாஷர் போடு என்று அவள் சொன்னதற்கு, போன சனிக்கிழமை, பந்துருட்டும் கிளப் நண்பர்கள் நாலு பேர் முன்னால் அவன் சிரித்தான்.

"இவ தொழில் வெந்நீர். இது பீர். வெந்நீர்க்காரிக்கு பீரப் பத்தி என்னப்பா தெரியும்?"

நாலு பேரும் சிரித்தார்கள். அவர்களுக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

அதே நாலு பேர் இன்று ஆறு மணிக்கு வருகிறார்கள். அரைநாள் வேலை முடிந்து, கடையில் புது ரெகுலேட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு இரண்டு மணிக்கு அவள் வீடு வந்தபோதே லோத்தார் கீழே இருந்தான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னாள். "வேண்டாம், நானே சரி பண்ணிட்டேன்," என்று பதில் வந்தது. அத்தோடு சரி. புது ரெகுலேட்டர் பெட்டி பிரிக்காமல் மேசைமேல் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே நவம்பர் மூடுபனி ஆற்றிலிருந்து ஏறி வந்து, நாலரை மணிக்கே பக்கத்து வீட்டுக் கூரையை விழுங்கியிருந்தது.

சீறல் குறைந்தது.

வெட்டினாற்போல் நிற்கவில்லை. மெலிந்து, இழுத்து, ஒரு நூலாகி, பிறகு ஓய்ந்தது. இர்மெலாவின் கை ஈரத்துணியில் அப்படியே நின்றது. வால்வை மூடினால் சத்தம் சட்டென்று அறும். இப்படி ஓய்ந்தால் சிலிண்டர் காலி. பத்துக் கிலோ கரியமில வாயு, தாழ்ந்த சின்ன அறை ஒன்றுக்குள். இருக்கும் ஒரே ஜன்னலையும் பீர் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அவன் அக்டோபரிலேயே பலகை வைத்து அடைத்துவிட்டிருந்தான்.

"லோத்தார், மேல வா. இப்பவே."

"அஞ்சு நிமிஷம்."

முதலில் சொன்ன அதே தொனி. இருமல் இல்லை. இளைப்பு இல்லை.

கதவைத் திறந்தாள். கணுக்காலில் குளிர் தொட்டது. ஈரக் கல்லும் புளித்த மாவும் கலந்த வாடை. அதற்கடியில், சோடா புரையேறினால் மூக்கில் சுருக்கென்று ஏறுமே, அந்த எரிச்சல். கீழே பல்பு எரிந்துகொண்டிருந்தது. அடுப்பு பற்றவைக்கும் நீண்ட லைட்டரை எடுத்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள். பதினாலு படிகள். ஆறாவது படியில் நின்று சுடரை முழங்காலுக்குக் கீழே தாழ்த்தினாள்.

அணைந்தது.

உயர்த்திப் பற்றவைத்தாள். எரிந்தது. தாழ்த்தினாள். அணைந்தது. கண்ணுக்குத் தெரியாத நீர்மட்டம் ஒன்று அங்கே நின்றது. அதற்குக் கீழே யாரும் பேச முடியாது. ஒரு வார்த்தைகூட.

"லோத்தார்?"

"ஏன் பிராணன வாங்குற? வந்து ஸ்பேனரப் புடி."

குரல் அந்த மட்டத்துக்குக் கீழேயிருந்துதான் வந்தது. தெளிவாக, சலிப்பாக, திடமாக.

பயத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது கோபம்தான். இவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த முறையும் வெந்நீர்க்காரி சொன்னது தப்பு. ஆறு மணிக்கு இதையும் சொல்லிச் சிரிப்பான். அந்தக் கோபத்தோடுதான் அவள் குனிந்து பார்த்தாள். பீப்பாய்க்குப் பக்கத்தில் இரண்டு கால்கள். குப்புறக் கிடந்த கால்கள்.

இறங்கக் கூடாது. தீயணைப்புப் படையைக் கூப்பிட வேண்டும். வருடா வருடம் பயிற்சியில் அவளே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அது. ஆனால் இப்போதுதானே பேசினான். எட்டுப் படி. ஒரு மூச்சு. சட்டையைப் பிடித்து இழுத்து வந்து கூடத்தில் போட்டு, அப்புறம் கேட்க வேண்டியதைக் கேட்கலாம்.

நெஞ்சு நிறைய மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினாள்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். கனத்தான். முகம் சரிந்து அவள் முழங்கையில் பட்டது. சிமெண்டுத் தரையின் குளிர். அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் தட்டிவிடப் பார்த்தாள். விரல்கள் பிரியவில்லை. விறைத்திருந்தன. தாடையும்.

இது இப்போது நடந்ததல்ல. மதியமே.

அவள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே.

அப்படியானால், இரண்டு மணியிலிருந்து பதில் சொன்னது...

"நீயே எறங்கிட்டியா?"

குரல் இப்போது கீழேயிருந்து வரவில்லை.

தலையைத் தூக்கினாள். படிகளின் உச்சியில், சமையலறை வெளிச்சத்தில், லோத்தார் நின்றான். ஒரு கை கதவின் பிடியில். அவன் சிரிக்கவில்லை. முகத்தில் இருந்தது கோபம் மட்டும்தான், அவள் இதுவரை யார் முகத்திலும் பார்த்திராத அளவுக்கு.

அவள் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. இன்னும் மூச்சு விடவில்லை. கையில் லோத்தார் கனத்தான்.

மேலே நின்றவன் அவசரப்படாமல் கதவைச் சாத்தத் தொடங்கினான். படிகளில் விழுந்திருந்த வெளிச்சம் ஒடுங்கியது. கையகலம். விரலகலம். கடைசியில் ஒரு கோடாக அது அவள் முழங்கையில் சாய்ந்திருந்த முகத்தின்மேல் நின்றபோது, அந்தக் கண்கள் திறந்திருந்தன. அவை மேலே நின்றவனையே பார்த்துக்கொண்டிருந்தன.