சிவப்பு எந்த மாடியில்?

சிட்டுவுக்கு ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருப்பதே பெரும்பாடு. அன்று பத்து நிமிடம் மூடிக்கொண்டிருந்தாள்.

அவள் பள்ளியில் தரைத்தளமும் அதன்மேல் மூன்று மாடிகளும் உண்டு. தளத்துக்கு ஐந்து வகுப்பறைகள். எந்த அறை அதிகம் சூடாகிறது என்று பார்க்க, அவள் ஒரு வாரமாக வெப்பமானியோடு படியேறி இறங்கி எண்களைக் குறித்திருந்தாள். அவற்றைப் பைத்தான் என்ற கணினி மொழியில் ஏற்றிப் படமாக்கியது அவள் நண்பன். நெடுநெடுவென்று வளர்ந்திருந்ததால் அவனுக்குப் பென்சில் என்று பெயர்.

நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து கட்டம். குளிர்ந்த அறை நீலம், சூடான அறை சிவப்பு. படத்தின் கீழ் வரிசை முழுக்கச் சிவப்பாக இருந்தது.

"அப்போ கீழதான் சூடு அதிகம். நாளைக்கு வர்ற புது மின்விசிறி எல்லாத்தையும் தரைத்தளத்துலயே மாட்டச் சொல்லிடறேன்" என்றார், படத்தைப் பார்க்கக் கணினி வகுப்புக்கு வந்த தலைமையாசிரியை. எல்லோரும் கைதட்டினார்கள். பென்சில் காது வரை சிரித்தான்.

சிட்டுவுக்குத்தான் ஏதோ இடித்தது. மூன்றாம் மாடியில் படிக்கும் அவள் தங்கை தினமும் தொப்பலாக வியர்த்து வருகிறாளே!

எல்லோரும் கலைந்ததும் மெல்லக் கேட்டாள்: "டேய், அட்டவணையில முதல் வரிசை எது?"

"நீ எழுதித் தந்தபடிதான். முதல்ல தரைத்தளம், கடைசியில மூணாவது மாடி."

"படத்துல முதல் வரிசை எங்க வருது?"

பென்சில் திரையைப் பார்த்தான். சிரிப்பு கரைந்தது. "மேல வருது. ஐயோ, கட்டடத்தையே தலைகீழா நிக்க வச்சிருக்கேன்."

"அதுக்கென்ன, நிமிர்த்திடலாம்."

புரோகிராமில் சதுர அடைப்புக்குறிக்குள் இரண்டு முக்காற்புள்ளி, ஒரு கழித்தல் குறி, ஓர் ஒன்று. அவ்வளவுதான் அவன் சேர்த்தது. வரிசைகள் கடைசியிலிருந்து முதலாக மாறின. சிவப்பு ஒரே தாவலில் உச்சிக்குப் போனது. யாருக்கும் குழப்பம் வராதபடி, ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் தளத்தின் பெயரை எழுதச் சொன்னாள் சிட்டு.

"அப்பவே ஏன் சொல்லல?" என்றான் பென்சில்.

"உனக்காகக் கைதட்டிட்டு இருந்தாங்க. நடுவுல எப்படிச் சொல்றது?"

அவன் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போய், "மிஸ், படத்துல நான் தப்பு பண்ணிட்டேன். சிட்டுதான் கண்டுபிடிச்சா" என்றான்.

அவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லவேளை இன்னைக்கே வந்தீங்க. ரெண்டு பேருக்கும் நன்றி. சின்னப் பிள்ளைங்க தப்பிச்சாங்க."

மறுநாள் மூன்றாம் மாடியில் மின்விசிறிகள் சுழன்றன. மாலையில் சிட்டுவின் தங்கை வியர்வையில் நனையாமல் வீடு வந்தாள்.

அடுத்த கணினி வகுப்பில் சிட்டு அந்தப் புரோகிராமைத் திறந்தாள். மேலே புதிதாக ஒரு குறிப்பு இருந்தது. கணினி அந்த மாதிரிக் குறிப்புகளைத் தாண்டிப் போய்விடும், மனிதர்கள்தான் படிப்பார்கள்.

'படத்தை நிமிர்த்தியவள் சிட்டு. என்னைத் தலைகுனிய விடாதவளும் அவள்தான். நன்றி.'

சிட்டு அதை மூன்று முறை படித்தாள்.